இன்மையின் இரு முகங்கள்

உண்ணாமை, பேசாமை, உடைமை கொள்ளாமை என்று விரதங்களைப் பெரும்பாலும் எதிர்மறையாகவே வகுத்து வந்திருக்கின்றன உலகத்துச் சமயங்கள். ஆன்மா கடைத்தேற இன்னதைச் சேர்த்துக்கொள் என்று அவை சொன்னதைக் காட்டிலும் இன்னதை விலக்கு என்று சொன்னதே அதிகம். ஆனால், விலக்க வேண்டியதையெல்லாம் விலக்கிய பிறகு எஞ்சி நிற்பது பூரணமா, அல்லது வெறும் அபாவமா என்ற வினாவுக்குச் சாஸ்திரங்கள் ஒருமுகமாக விடை கூறவில்லை. மைக்கேல் கென்னா என்னும் ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞரின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பழைய வினா என் உள்ளத்தில் புத்துயிர் பெற்று எழுகிறது.

கென்னா 1953-இல், இங்கிலாந்தில் அப்போது லங்காஷயர் பகுதியைச் சேர்ந்திருந்த விட்னஸ் என்ற ஆலைத்தொழில் ஊரில், கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பாதிரியாராக வேண்டும் என்ற விருப்பத்தோடு சிறுவயதிலேயே அப்ஹாலண்ட் குருமடத்தில் சேர்ந்து, ஏறக்குறைய 7 ஆண்டுகள் அங்கே பயின்றார். பிறகு அந்த மார்க்கத்தை விட்டுக் கலைக் கல்விக்குத் திரும்பினார் என்றாலும், குருமடத்தின் ஒழுங்கும் மௌனமும், கண்ணுக்குப் புலப்படாத ஒன்று அருகே இருக்கக்கூடும் என்ற உணர்வும் தம் கலையில் படிந்திருப்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பூசைப் பீடத்துக்குப் போக வேண்டியவர் இருட்டறைக்குப் போனார் என்பதை ஒரு விலகலாக நான் கருதவில்லை.

அவருடைய முறை மிகவும் எளியது. ஒரு சுருளுக்குப் 12 சதுரப் படங்களே பிடிக்கும் ஹாஸல்பிளாட் காமிரா, அதைத் தாங்க ஒரு முக்காலி, கறுப்பு வெள்ளை பிலிம். இவற்றோடு இரவிலோ விடியலிலோ ஓர் ஏரிக்கரையில் நின்று, ஷட்டரைத் திறந்துவிட்டுக் காத்திருப்பார். சில படங்களுக்குச் சில நிமிஷங்கள் போதும். சிலவற்றுக்கு ஓர் இரவு முழுவதுமே வேண்டியிருக்கும். வெளிச்சம் மிகக் குன்றியவிடத்துப் பிலிமின் உணர்வுத் திறனும் தளர்ந்துவிடுவதால், கணக்குப்படி போதுமான நேரத்துக்கும் மேலாக நெடுநேரம் அதற்குக் கொடுத்தாக வேண்டும். இந்த நெடும் பொழுதில் அலைகள் புரண்டு புரண்டு ஒரே வெண்புகையாகப் பரவிவிடுகின்றன. மேகங்கள் கோடுகளாகக் கரைகின்றன. குறுக்கே நடந்து செல்லும் மனிதன் ஒரு சுவடும் இல்லாமல் மறைந்து போகிறான். அசையாத மரமும் கல்லும் மட்டுமே ரூபத்தோடு நிற்கின்றன.

நித்தியத்தையும் அநித்தியத்தையும் பகுத்தறியும் விவேகத்தை வேதாந்திகள் சாதனைகளில் முதலாவதாக வைத்தார்கள். அந்த விவேகத்தை ஒரு யந்திரம் செய்து காட்டுகிறது என்று இந்தப் படங்களைப் பார்த்துச் சொல்லத் தோன்றும். ஆனால் சற்றே நிதானித்துப் பார்த்தால், அங்கே அலை எதுவும் நீக்கப்படவில்லை என்பது விளங்கும். எழுந்த ஒவ்வோர் அலையும் தன் பங்கு ஒளியைப் பிலிமின் மேல் பதித்துவிட்டே விழுந்திருக்கிறது. ஆயிரம் அலைகளின் ஒளி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்ததுதான் நாம் வெறுமை என்று காணும் அந்த வெண்மை. வேண்டாததை அழித்து உண்டாக்கிய வெறுமையாக இருந்தால் அதில் எனக்கு இவ்வளவு ஈடுபாடு பிறந்திராது.

ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் அவர் எடுத்த பனிக்காலப் படங்கள் இதன் உச்சம். பனி மூடிய சரிவில் ஒரு வேலி, குஷாரோ ஏரிக்கரையில் நீரை நோக்கிச் சாய்ந்த ஒற்றை மரம், மற்றதெல்லாம் வெண்மை. பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் அளவே உள்ள சிறிய சதுரப் பிரதிகள் அவை; ஆகையால் பார்ப்பவர் ஒருவராக, அருகில் சென்று நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வெண்மையில் எதுவும் குறைவதாக மனம் உணர்வதில்லை. அங்கே இன்னொன்று இருந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே எழாததால், இன்மை அங்கே சாந்தியாகிறது.

இதே கலைஞர் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் நாஜிகளின் வதைமுகாம்கள் இருந்த இடங்களுக்குச் சென்று படமெடுத்தார். அதே சதுரம், அதே கறுப்பு வெள்ளை, அதே ஆளரவமற்ற நிசப்தம். கம்பிவேலிகள், ரயில் பாதை, வெறிச்சோடிய கட்டடங்கள். ஆயினும் இங்குள்ள வெறுமை நெஞ்சைப் பிழிகிறது. நம் தத்துவ மரபில் பாட்ட மீமாம்ஸகர்கள் அநுபலப்தி என்பதைத் தனிப் பிரமாணமாகக் கொண்டார்கள்: இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய பொருள் தெரியாதபோது, அதன் இன்மையையே நாம் அறிகிறோம் என்பது அவர்கள் வாதம். தரையில் குடம் இல்லை என்ற அறிவை அவர்கள் உதாரணமாகக் காட்டுவார்கள். அந்த முகாம்களுள் ஒன்றான ஆஷ்விட்ஸ்-பிர்கெனௌவில் ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே எடுத்த படத்தில் ஒருவரும் இல்லை என்று காணும்போது நமக்கு உண்டாவது அந்த அறிவுதான். தர்க்கப் பாடத்தில் உணர்ச்சியின்றிக் கற்றது இங்கே துக்கமாக இறங்குகிறது.

கொடுமை நிகழ்ந்த இடத்தை அழகாகக் காட்டுவது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வியே. என் தீர்மானம் வேறு. ஏரிக்கு அளித்த அதே பொறுமையையும் மரியாதையையும் அவர் முகாமுக்கும் அளித்திருக்கிறார். வீரிட்டலறும் படங்களைவிட இந்த அடக்கமே இறந்தவர்களுக்குரிய இடத்தை அவர்களுக்கு விட்டுவைக்கிறது. சூன்யத்தைப் புனிதம் என்று பொதுப்படப் பேசுகிற நம் பிரசங்கிகள் கவனிக்க வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. தானாக அமைந்த வெறுமை ஒன்று, பிறர் பறித்ததால் நேர்ந்த வெறுமை மற்றொன்று. பின்னதைத் தியானப் பொருளாக்கி அமைதி தேடுவது அதர்மம்.

முகாம்களில் எடுத்த படங்களைக் கென்னா பிரான்ஸ் நாட்டுக்கு நன்கொடையாக வழங்கினார். 2022-இல் தம் வாழ்நாள் உழைப்பின் நெகடிவ்களையும் அந்நாட்டு அரசிடமே ஒப்படைத்தார். அவருடைய பனிக்காலப் படங்களை மட்டும் கண்டு மகிழ்ந்த வாசகர்கள், முகாம் படங்களையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.