பகடை உருண்டால் கதை நகரும்

மாயக்கதை தனி அறையில் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே கூட்டத்தின் நடுவே ஆடப்பட்டது. வட ஆர்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் அதையே கூத்தாக ஆடுவார்கள். வேலூர், ஆம்பூர்ப் பக்கம் பகலெல்லாம் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியைத் தைத்தவரும் விடிய விடிய உட்கார்ந்து சூதாட்டக் கதையான ‘பகடைத் துகில்’ கூத்தைப் பார்ப்பார். தருமன் தோற்பான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சகுனி பகடையைக் கையில் எடுத்ததும் மனசு பதறும். கதைக்குள் நுழைந்தவருக்கு முடிவு தெரிந்திருப்பது ஒரு பொருட்டே இல்லை.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டிலும் ஆளுக்கொரு வேடம் உண்டு, பகடை உண்டு, கூத்தின் கட்டியக்காரனைப் போலக் கதையை நடத்திச் செல்ல ஒருவரும் உண்டு. முடிவு மட்டும் யாருக்கும் தெரியாது. அந்த விளையாட்டிலிருந்தே 1984-இல் ‘டிராகன்லான்ஸ்’ நாவல்கள் கிளைத்தன.

தனியே எழுதுகிறவர் தன் நாயகனைத் தோற்கவிடத் தயங்குவார், பகடை தயங்காது. எதிரே இருப்பவர் “அப்புறம்?” என்று கேட்கும்போது சோம்பலான கற்பனையும் எழுந்து நடக்கும். எழுத ஆசைப்படும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து திண்ணையில் ஒரு கதையை ஆடிப் பார்க்கலாம். வீட்டில் கிடக்கும் தாயக்கட்டையே போதும்.