காவலும் நீதியும்

காட்டைக் காத்தல் அறமென்பதில் நமக்கு ஐயமில்லை. நிற்கும் மரம் காற்றிலுள்ள காபனைத் தன்னுடலாக்கிச் சேமிக்கிறது. வெட்டி எரித்தால் அச்சேமிப்புப் புகையாகி வானேறுகிறது. புவி வெப்பமேறிவரும் இந்நாளில் காட்டழிவு உலகனைத்திற்கும் தீங்கு. ஆயின், காவலுக்கு விலை கொடுப்பவர் யார்? இவ்வினாவையே நாம் எழுப்ப விரும்புகிறோம்.

நம் நாட்டிலேயே சான்றுண்டு. மகாவலித் திட்டம் பெருங்காடுகளை அழித்து வயலும் குடியேற்றமும் அமைத்தது. நீர்த்தேக்கத்தின் ஏந்துபரப்பைப் பேணவும், இடமிழந்த விலங்குகளுக்குப் புகலளிக்கவும் 1983 ஆம் ஆண்டில் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. விலங்குக்குப் புகல் கிடைத்தது. மனிதனுக்கோ வெளியேற்றம் கிடைத்தது. வேட்டையாடியும் தேனெடுத்தும் சேனை செய்தும் அங்கு வாழ்ந்த வேடருட் பலர் ஹெனானிகலக் குடியேற்றத்திற்கு அனுப்பப்பட்டனர். முதியவர் திஸாஹாமியும் சில குடும்பத்தினரும் தம்பானையை விட்டகல மறுத்தனர். நேற்றுவரை தொழிலாயிருந்தது அன்றுமுதல் குற்றமாயிற்று.

வேட்டையும் சேனையும் காட்டுக்குக் கேடல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்விதான். வேடரைக் குற்றமற்ற தேவராகப் புனைந்துகாட்ட நாம் முனையவில்லை. துப்பாக்கியும் சந்தையும் அவர்களையும் தீண்டியுள்ளன. எல்லை வேண்டியதே. ஆனால், அதனை வகுக்கும் அவையில் அவர்களுக்கு இடமிருந்ததா? 2020 ஆம் ஆண்டில் பொல்லெபெத்தைப் பகுதிக் காடு சோளப் பயிருக்காக அழிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றோருள் ஒருவர், திஸாஹாமியின் மைந்தரும் வேடர் தலைவருமான ஊருவரிகே வன்னில எத்தோ. காட்டுக்கு ஆகாதவரென ஒதுக்கப்பட்ட மக்களே காட்டுக்காக வழக்காடினர்!

இலங்கையர் ஒருவரின் பங்காக ஆண்டுதோறும் வெளியேறும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரியோ நான்கு தொன்னுக்கு மேல். அந்த ஒரு தொன்னிலும் காட்டுவாசியின் பங்கு எம்மாத்திரம்? இன்று செல்வ நாடுகளின் பெருநிறுவனங்கள் தம் புகைக்கு ஈடாக ஏழை நாடுகளின் காடுகளை விலைபேசுகின்றன. புகையை எழுப்புபவன் ஒருவன், வாழ்விடம் இழப்பவன் வேறொருவன் எனின், கணக்குத் தீரலாம், கடன் தீராது.

காட்டுக்குக் காவல் வேண்டும். எல்லைக்கல் நாட்டப்படுமுன் உள்ளே வாழ்பவனின் சம்மதம் வேண்டும். காவலில் அவனுக்குப் பங்கும், இழப்புக்குத் தக்க ஈடும் வேண்டும். இவற்றைக் கருணையாக அன்று, உரிமையாகவே நாம் கேட்கிறோம். பலவீனன் தலையில் சுமையேற்றிப் பெறும் நிழலில் மனச்சான்றுள்ள சமுதாயம் அமைதியாக இளைப்பாற முடியாது.