இல்லாததிலிருந்து எதுவும் தொடங்காது

அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தரும் என்னிடம் வருஷம் தவறாமல் வரும் வேண்டுகோள் ஒன்று உண்டு: "சார், புராஜெக்ட் செய்யணும். இதுவரைக்கும் யாருமே செய்யாததா, புதுசா ஏதாச்சும் சொல்லுங்க சார்." இன்ஸ்பயர் மானக் விருதுக்குத் தேர்வானால், மாதிரி செய்ய மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 10,000 ரூபாய் தருகிறது. அந்த ஆசையில் இணையத்தில் பார்த்த ரோபோவையும் தானாகத் திறக்கும் குப்பைத் தொட்டியையும் நோட்டில் வரைந்துகொண்டு வருகிறார்கள். எல்லார் நோட்டிலும் ஒரே தொட்டிதான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தொடங்குவது என்றால் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒன்றை வரவழைப்பது என்று நாம்தான் அவர்களை நம்ப வைத்திருக்கிறோம். அப்படி ஒரு தொடக்கம் உண்டா? நம் தத்துவ மரபு பல நூற்றாண்டுகளாக வாதாடிய கேள்வி இது.

13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் சிவஞான போதம் செய்த மெய்கண்டாரின் சைவ சித்தாந்த மரபு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. காரியம் தன் காரணத்தில் முன்பே இருக்கிறது. அறவே இல்லாத ஒன்று தோன்றாது. இதைச் சற்காரியவாதம் என்பார்கள். எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்கள் வேண்டும். சாத்திரங்கள் குடத்தை வைத்து விளக்கும்: மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். எங்கள் ஊரில் குடத்துக்குப் பதில் சேலையைச் சொல்லலாம். நூல், தறி, நெசவாளர்.

நியாயம் என்ற மற்றொரு தத்துவ மரபினர் இதை மறுப்பார்கள். நூலிலேயே சேலை இருந்தால் நூலை உடுத்திக்கொள்ளலாமே, நெய்வது எதற்கு என்பது அவர்கள் கேள்வி. காரியம் புதிதாகத்தான் தோன்றுகிறது என்பது அவர்கள் கட்சி. வலுவான வாதம். ஆனாலும் நூலில்லாமல் சேலை வரும் என்று அவர்களும் சொல்லவில்லை. புதுமை உண்டா என்பதில்தான் சண்டை. வெறுமையிலிருந்து புதுமை வராது என்பதில் இரு தரப்பும் ஒன்று.

இதைத் தறியிலேயே காணலாம். பாவு என்ற நீளவாட்டு இழைகள் தீரும்போது பாருங்கள். பழைய பாவின் கடைசி முனைகளை அச்சிலிருந்து உருவிவிட மாட்டார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழை ஒவ்வொன்றோடும், விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று மாறினாலும் துணியில் தெரியும். அதன் பிறகுதான் புதுச் சேலையின் முதல் விரற்கடை நெய்யப்படும்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி குப்பைத் தொட்டியோடு வந்தாள். "யாருக்கும்மா இது?" என்று கேட்டேன். "போட்டிக்கு சார்" என்றாள். "உங்க அம்மா தறி ஓட்டுறப்ப பக்கத்துல உக்காந்து, எப்பெப்ப தறி நிக்குது, ஏன் நிக்குதுன்னு எழுதிட்டு வா" என்று அனுப்பினேன். அவள் எழுதி வந்ததில் எனக்கே தெரியாத செய்தி இருந்தது. இழை அறுந்தால் அதைப் பிணைக்க அம்மாவுக்கு நேரமே ஆவதில்லை. அறுந்த முனை எங்கே என்று தேடுவதற்குத்தான் ஆகிறது. வெள்ளைப் பாவு, கீழே வெளிறிய சிமெண்டுத் தரை, விளக்கோ தலைக்கு நேர் மேலே. குனிந்தால் அம்மாவின் நிழலே பாவின்மேல் விழுகிறது. பழைய கறுப்புத் துணி ஒன்றைப் பாவுக்கு அடியில் விரித்து, விளக்கைப் பக்கவாட்டில் இறக்கி வைத்துப் பார்த்தாள். அறுந்த இழை கண்ணில் பட்டது. அவளுடைய புராஜெக்ட் அங்கே தொடங்கியது. துணி, விளக்கு, தறி, அம்மாவின் சிரமம் எல்லாம் அந்த வீட்டில் முன்பே இருந்தவை. அவள் செய்தது பார்த்ததும் இடம் மாற்றியதும்.

எங்களுக்குப் பக்கத்தில், திருத்தணியில் 1888இல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் மாணவப் பருவமும் இதையே சொல்கிறது. அவர் தத்துவத்தைத் தேடிப் போகவில்லை. அவர் படித்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலேயே படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்தார். வசதி குறைந்த மாணவருக்கு அந்தப் பாடமே அமைந்தது. அந்தக் கல்லூரியில் இந்து சமயத்தின் மீது அவர் கேட்ட விமர்சனங்கள் மனத்தைத் தைத்தன. வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாகவே தம் எம்.ஏ. ஆய்வேட்டை எழுதினார். 1908இல் அது அச்சேறியபோது அவருக்கு வயது இருபது. கைக்கு வந்த புத்தகம், உறுத்திய ஒரு கேள்வி. அந்தத் தொடக்கத்துக்கு இவ்விரண்டும் போதுமானவையாக இருந்தன.

சித்தாந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், முன்பு சொன்ன மூன்று காரணங்களுக்கு அடுத்து வருவது. இறைவன் ஏன் உலகைப் படைக்கிறான்? தன் பெருமைக்காக அல்ல. ஆணவ இருளில் கிடக்கும் உயிர்கள் உடலும் கருவியும் உலகும் நுகர்வும் பெற்றுப் பக்குவப்பட வேண்டும் என்ற அருளினால். படைப்பின் காரணமே இன்னொருவரின் தேவை. படைக்கும் இறைவனுக்கே 'யாருக்காக' என்ற கேள்வி உண்டென்றால், பள்ளிப் பிள்ளையின் படைப்புக்கு அது இல்லாமல் போகலாமா?

எங்கள் ஊர்த் தாய்மார்கள் பிள்ளையின் நோட்டைத் திருத்தணி மலைக்கு எடுத்துப்போய் முருகன் சந்நிதியில் வைத்து வாங்கி வருவதுண்டு. அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். இது என்னிடமிருந்து மட்டும் தொடங்கவில்லை என்று ஒப்புக்கொள்வதுதானே வேண்டுதல். ஆனால் நல்ல நேரம் பார்த்ததோடு நல்ல தொடக்கம் ஆகிவிட்டதாக நினைக்கக் கூடாது. பிள்ளையார் சுழிக்குக் கீழே தலைப்பை எழுத அவசரம் வேண்டாம். யாருடைய சிரமம் இது, அவர் இதுவரை அதை எப்படிச் சமாளித்தார், கையில் என்ன பொருள் இருக்கிறது, என்ன கருவி இருக்கிறது, என்னால் ஆவது எது. இவற்றை எழுதி முடித்த பிறகு தலைப்பு தானாக வரும்.

இப்படித் தொடங்கும் பிள்ளைக்கு 'எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே' என்ற பயம் இருக்காது. 'நானே செய்தேன்' என்ற செருக்கும் வராது. ஆணவம் குறைந்தால்தான் ஞானம் வாய்க்கும் என்று சித்தாந்தம் சொல்கிறது. அந்த வழியின் முதல் படியில் ஒரு பிள்ளை பதினான்கு வயதிலேயே, சொந்த வீட்டுத் தறியடியில், கால் வைக்க முடியும் என்று நான் நம்புகிறேன். பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் படிப்பு அவளுடையது.