பிள்ளையின் கிண்ணமும் பெற்றோரின் கண்ணும்



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 21 வயது நிரம்பாதவர் மதுபானம் வாங்கக்கூடாது என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆனால் அதே நாட்டின் சில மாநிலங்களில், தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்தால் அந்த வயதுக்கு உட்பட்ட பிள்ளை குடிக்கலாம் என்றும், 21 நிரம்பிய கணவன் உடனிருந்தால் 19 வயது மனைவி குடிக்கலாம் என்றும் சட்டமே இடங்கொடுக்கிறது. இதைக் கேட்டுச் சிலர் திகைக்கிறார்கள். வேறு சிலரோ, "சட்டமே விட்டபிறகு சாமியாருக்கு இதில் என்ன?" என்கிறார்கள். மகனோ மகளோ அங்கே குடியேறி, பேரப்பிள்ளைகள் அங்கேயே வளருகிற குடும்பங்கள் இப்போது பல பங்குகளிலும் உண்டு. ஆகையால் இன்று இதைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சாகாது.

அந்தச் சட்டம் வந்த கதையைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். 1920 முதல் 1933 வரை அந்த நாடு முழுவதிலும் மதுவிலக்கு இருந்தது. அப்போதுங்கூடத் திவ்விய பூசைக்கு வேண்டிய இரசத்துக்குத் தடையில்லை. மதுவிலக்கு நீங்கியபின் குடிக்கும் வயதை ஒவ்வொரு மாநிலமும் தானே வகுத்துக்கொண்டது. 1971-ல் 18 வயதினருக்கு வாக்குரிமை கிடைத்தது. வாக்களிக்கிறவன் குடித்தால் என்ன என்று பல மாநிலங்கள் அந்த வயதையும் இறக்கிவிட்டன. பக்கத்து மாநிலத்தில் 18, தன் மாநிலத்தில் 21 என்றால் வாலிபர் என்ன செய்வார்கள்? காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்க் குடித்தார்கள். இரவிலே திரும்பி வருகையில் வழியிலே மடிந்தார்கள். இந்தச் சாவுகளைப் பார்த்துத்தான் 1984-ல் புதிய சட்டம் பிறந்தது. 21 வயதுக்குக் கீழே மது வாங்கவோ பொது இடத்தில் வைத்திருக்கவோ விடுகிற மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கு நிறுத்தப்படும் என்று மத்திய அரசு சொல்லிற்று. 1988-க்குள் எல்லா மாநிலங்களும் இணங்கின.

ஆயினும் அதன் விதிகளிலே சில விலக்குகளை வைத்தார்கள். வேத சடங்குக்காக மதுவை ஏந்துதல் ஒன்று. (அங்கே பூசையில் பாத்திரத்திலிருந்து திரு இரத்தம் உட்கொள்ளும் சிறுவன் குற்றவாளி ஆகாதது இதனால்தான்.) மருந்துக்காக வைத்திருப்பது இன்னொன்று. 21 நிரம்பிய பெற்றோர், கணவன் அல்லது மனைவி, சட்டப்படியான கார்டியன், இவர்களில் ஒருவர் உடனிருப்பது மற்றொன்று. டெக்சாஸ், விஸ்கான்சின் ஆகிய இரண்டு மாநிலங்களும் 1986-ல் வயதை 21-ஆக உயர்த்தின; ஆனால் இந்த வாசலை அடைக்கவில்லை. விஸ்கான்சினில் பெற்றோரோடு வந்த பிள்ளைக்கு மதுக்கடைக்காரனே ஊற்றிக் கொடுக்கலாம். மாட்டேன் என்று சொல்லவும் அவனுக்கு உரிமை உண்டு. டெக்சாஸிலோ கடைக்காரன் பிள்ளைக்கு விற்கக்கூடாது. பெற்றவர்தான் வாங்கிக் கொடுக்கவேண்டும், பிள்ளை குடித்து முடிக்கும்வரை அவர் கண்ணெதிரே இருக்கவேண்டும்.

நம்மவர் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். நமக்குச் சித்தப்பாவும் தகப்பன்தான், தாய்மாமனும் தகப்பன்தான். அந்தச் சட்டத்துக்கு அப்படியல்ல. மாமன், சித்தப்பா, வயது வந்த அண்ணன், ஞானத்தகப்பன் எவரும் அந்த வரிசையில் இல்லை. மகனுடைய பிறந்தநாள் விருந்துக்கு வந்த தோழன் கையில் நீங்கள் ஒரு கிண்ணம் கொடுத்தால், அவனுடைய பெற்றோர் அங்கே இல்லாதபட்சத்தில், அது தண்டனைக்குரிய குற்றம். குடித்தபின் அவன் காரை ஓட்டினாலோ யார் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. 21-க்கு உட்பட்டவன் மூச்சில் சிறிதளவு மது தென்பட்டாலும் டெக்சாஸில் அது குற்றமே, தகப்பனே அடுத்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும்!

இப்படிச் சட்டம் இடங்கொடுத்ததைத் திருச்சபை பழிக்கவேண்டியதில்லை. பிள்ளையை வளர்க்கும் கடமை முதலில் பெற்றோருடையது, பிறகுதான் அரசினுடையது என்று நாமும் போதிக்கிறோம். திராட்ச இரசம் சர்வேசுரனுடைய படைப்பு. கானாவூர்க் கலியாணத்தில் அது குறைந்தபோது தேவமாதா சும்மா இருக்கவில்லை. அர்ச். சின்னப்பரும் இளைஞனான தீமோத்தேயுவுக்கு வயிற்று நோவுக்காகக் கொஞ்சம் இரசம் சாப்பிடச் சொல்லி எழுதினார். ஆகவே சட்டம் அனுமதிக்கிற இடத்தில், தகப்பன் கையால் வாங்கிப் பிள்ளை ஒரு வாய் குடித்தது பாவமோ என்று கேட்டால், அதுமாத்திரம் பாவமென்று நான் சொல்லமாட்டேன். சட்டம் அனுமதியாத மாநிலத்தில் கொடுத்தால் அது வேறு காரியம். புத்தி மயங்குமளவும் வேண்டுமென்று குடிப்பது எந்த மாநிலத்திலும் கனமான பாவம். சட்டத்தில் விலக்கு உண்டு, பத்துக் கற்பனையில் உண்டோ?

என் மனதை உறுத்துவது வேறொன்று. அந்தச் சட்டம் பக்கத்தில் நிற்கிறவரிடம் உறவைக் கேட்கிறது, வயதைக் கேட்கிறது. அவர் தெளிவோடு நிற்கிறாரா, தள்ளாடுகிறாரா என்று கேட்பதில்லை. மூன்றாவது கிண்ணத்தைக் காலிசெய்த தகப்பனும் சட்டத்தின் கணக்கில் தகப்பன்தான். காவற்காரனை விலக்கிவிட்டு அந்த இடத்தில் உங்களை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தப்பட்டவர் தூங்கினால் பிள்ளைக்கு அங்கே காவல் ஏது?

அர்ச். மோனிக்கம்மாளை மதுவுக்கு எதிரான பாதுகாவலியாக வேண்டிக்கொள்ளுகிறவர்கள் உண்டு. ஆனால் அவளே சிறுமியாயிருக்கும்போது குடிப்பழக்கத்தில் அகப்பட்டவள் என்பதைப் பலர் அறியார்கள். அவளுடைய மகன் அர்ச். அகுஸ்தீனார் தம்முடைய பாவசங்கீர்த்தன நூலின் 9-ம் புத்தகத்தில் இதை மறைக்காமல் எழுதிவைத்தார். பக்தியுள்ள வீடு. வயதான ஊழியக்காரி ஒருத்தி பெண்பிள்ளைகளைக் கண்டிப்போடு வளர்த்தாள். சாப்பாட்டு வேளை தவிர மற்ற நேரத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவிடாள். இன்றைக்குத் தண்ணீருக்கு அலைகிறவள், நாளைக்கு வீட்டுக்காரியாகிப் பண்டசாலைச் சாவி கைக்கு வந்ததும் மதுவுக்கு அலைவாள் என்பது அவள் கணக்கு. இத்தனை கண்டிப்பிருந்தும், அடக்கமான பெண் என்று நம்பித் தாய்தகப்பனே மோனிக்கம்மாளைப் பீப்பாயிலிருந்து இரசம் எடுத்துவர அனுப்பினார்கள். அவள் சாடியில் ஊற்றுமுன் உதட்டை மட்டும் நனைத்தாள். ஆசையினால் அல்ல, விளையாட்டாக! நாளுக்கு நாள் சிறிது கூடிக்கூடி, கடைசியில் கிண்ணம் நிறையக் குடிக்கும் நிலைக்கு வந்தாள். தாய்தகப்பனுக்குத் தெரியாது. கண்டிப்பான கிழவிக்கும் தெரியாது. கூடப் போன வேலைக்காரப் பெண் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளோ வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் இருவருக்கும் சச்சரவு வந்தபோது, கோபத்திலே "குடிகாரி" என்று அவள் முகத்தில் எறிந்தாள். மோனிக்கம்மாள் வெட்கி அன்றோடு விட்டாள்.

பிள்ளைக்கு நன்மை செய்ய நினைத்தவர்கள் பேசவில்லை, அவளை நோகடிக்க நினைத்தவளால் நன்மை வந்தது. இது சர்வேசுரனுடைய செயல் என்றே அர்ச். அகுஸ்தீனாரும் எழுதுகிறார். ஆனாலும் அதைச் சொல்லி எந்தத் தகப்பனும் தாயும் தப்பித்துக்கொள்ளலாகாது. உடனிருப்பது என்பது ஒரே அறையில் இருப்பதல்ல. அந்த வேலைக்காரப் பெண்ணும் உடன்தான் இருந்தாள்.

கணவன் மனைவியரைப் பற்றியும் சொல்லவேண்டும். கணவனைத் தகப்பனுக்குச் சமமாய் நிறுத்துவது நமக்கு விநோதமாய்த் தோன்றும். மெய்விவாகத்தில் அவர்கள் தகப்பனும் மகளும் அல்லவே. ஆயினும் ஒருவர் ஆத்துமத்துக்கு ஒருவர் உத்தரவாதி என்பது ஞானோபதேசத்தில் படித்ததுதான். 23 வயதுக் கணவன், தனியே குடிக்கப் பிடிக்காமல், "நீயும் கொஞ்சம் சாப்பிடு, சட்டத்தில் தடையில்லை" என்று இளம் மனைவியை வற்புறுத்துவதை எந்தச் சட்டமும் காவல் என்று நினைக்கவில்லை. அவள் வேண்டாமென்றால் அங்கேயே பேச்சு முடியவேண்டும். மாமியாரும் சிரித்துக்கொண்டு ஊற்றிக் கொடுக்கவேண்டாம். நம் இளம் பெண்கள் பலருக்கு மறுத்துச் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் இல்லை. கலியாணத்துக்கு முன்னமே தாய்மார் கற்றுக்கொடுக்கட்டும். போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் மட்டசனம் என்று ஏழு வயதில் ஒப்பித்தோம். மட்டசனம் மறுக்கிறவளுக்கு மாத்திரமல்ல, ஊற்றுகிறவனுக்கும் உண்டு.

வேதாகமத்தில் இந்த மூன்று பேரையும், அதாவது தகப்பனையும் வழித்துணையையும் மனைவியையும், ஒரே கதையில் காணலாம். அது தோபித்து ஆகமம். கண் தெரியாத தோபித்து, மகன் தோபியாவைத் தூரதேசத்துக்கு அனுப்புமுன் பல புத்திகள் சொல்லுகிறார். மட்டுமீறி மது அருந்தாதே, வெறி உனக்கு வழித்துணையாக வரக்கூடாது என்பதும் 4-ம் அதிகாரத்தில் அவற்றுள் ஒன்று. அந்தத் தகப்பனால் மகனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, கூடப் போகவும் முடியாது. ஆகையால் நல்ல துணை ஒருவரைத் தேடச் செய்தார், கூலி பேசினார், அவர் எந்தக் குலம், யாருடைய மகன் என்று துருவித் துருவி விசாரித்தார். வந்தவர் இரபேல் சம்மனசு என்று அவருக்குத் தெரியாது. தெரியாமலேதான் அவ்வளவு விசாரித்தார். போன இடத்தில் தோபியாவுக்குச் சாராளோடு விவாகமாயிற்று. அவளுடைய தகப்பன் 14 நாள் விருந்து வைத்தார். அந்த விருந்துக்கும் சம்மனசு வந்திருந்தார். வீடு திரும்பியபின் தாம் யாரென்று வெளிப்படுத்தியபோது, தோபியாவுக்கும் அவன் தகப்பனுக்கும் அவர் சொன்ன செய்தி 12-ம் அதிகாரத்தில் இருக்கிறது: அவர் சாப்பிட்டதும் குடித்ததும் அவர்கள் பார்வைக்கு மாத்திரம் அப்படித் தோன்றிற்றாம், உண்மையில் அவர் எதையும் வாயில் வைக்கவேயில்லையாம்.