அரிசி கொடுத்தோம், அடுப்புக்கு என்ன கொடுத்தோம்?

நத்தார் காலம் நெருங்கினால் எம் பங்குகளிலே வறியோரின் பெயர்ப்பட்டியல் தயாராகும். நல்ல வழக்கம் அது. ஆனால், அந்தப் பட்டியலில் ஒரு பெயரை எழுதுவதைவிட ஒரு பெயரை வெட்டுவதே எமக்கு இலகுவாக வருகிறது என்பதை நானே ஒரு பெயரை வெட்டித்தான் அறிந்துகொண்டேன்.

2022 ஆம் ஆண்டு மார்கழி மாதம். கரையோரப் பங்கு ஒன்றிலே பணியாற்றிக்கொண்டிருந்தேன். உலர் உணவுப் பொதி வழங்குவதற்காகச் சிலர் கூடியிருந்து பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெயர் வந்ததும் ஒருவர் சொன்னார்: "சுவாமி, அந்த வீட்டில காஸ் அடுப்பு இருக்கு. சமுர்த்தியும் எடுக்கினம். எங்கட வீட்டிலேயே இப்ப விறகுதான்."

சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்ட நான்தான் யோசிக்கவில்லை. பேனையை எடுத்து அந்தப் பெயரை வெட்டினேன்.

தை மாதத்தில் வீடு மந்திரிக்கப் போனபோது அந்த வீட்டுக்கும் போனேன். கணவனை இழந்த பெண், பாடசாலைக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், படுக்கையோடு மாமியார். குசினியில் காஸ் அடுப்பு இருந்தது உண்மைதான். அதன் மேல் ஒரு துணியை விரித்து, பானைகளையும் மூடிகளையும் அடுக்கியிருந்தார்கள். சிலிண்டர் ஒரு வருடமாக வெறுமையாகக் கிடந்தது. கோடிப்புறத்திலே மூன்று கல், மறைப்புக்கு ஒரு தகரம், மாரி மழையில் நனைந்த பனைமட்டையும் கொக்காரையும். சமையல் அங்கேதான்.

"அது அவர் வாங்கின அடுப்பு, சுவாமி. விக்க மனம் வரேல்லை" என்றார் அந்தப் பெண். பிறகு, மூலையில் இருந்த ஒரு பையைக் காட்டினார். "முந்தின வருசம் கோயில்ல தந்த கடலை இன்னும் கிடக்கு. அதை அவிக்கிற விறகுக்கு மூண்டு நேரம் சோறு காய்ச்சலாம்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அன்று அந்தக் குசினியிலும் தீர்த்தம் தெளித்துவிட்டு வந்தேன். மந்திரிப்பு யாருக்குத் தேவைப்பட்டது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

உதவி பெறுகின்ற ஒரு குடும்பம் அடுப்பெரிக்கச் செலவழித்தால் அது ஆடம்பரமா? அதை எட்டிப் பார்த்து அளவிட எமக்கு உரிமை உண்டா? இக்கேள்விகளையே இவ்வாரம் எம் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவது கேள்விக்கு விடை காண்பது கடினமல்ல. அரிசி உணவல்ல, அவிந்த அரிசிதான் உணவு. இந்த உண்மையை ஒரு காலத்தில் அரசாங்கமே ஏற்றிருந்தது. 1979 ஆம் ஆண்டில் பங்கீட்டு அரிசி போய் உணவு முத்திரை வந்தபோது, வறிய குடும்பங்களுக்கு மண்ணெண்ணெய் முத்திரையும் சேர்த்தே வழங்கப்பட்டது. அத்திட்டத்தில் எத்தனையோ குறைகள் இருந்திருக்கலாம். ஆயினும், பானைக்குள் இடுவதோடு பானைக்குக் கீழே இடுவதும் வாழ்வுக்கு வேண்டியது என்பதை அது மறக்கவில்லை.

அண்மைக் காலத்தில் நடந்தது யாவரும் அறிந்ததே. 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்ரோபருக்கு முன்னர் 1,493 ரூபா. 2022 சித்திரை முடிவில் 4,860 ரூபா. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவாக இருந்து, 2022 ஆவணியில் ஒரே இரவில் 340 ரூபாவானது. குருநகரிலும் பாஷையூரிலும் நாவாந்துறையிலும் மண்ணெண்ணெய் அடுப்புக்கு மட்டும் உரியதல்ல. படகின் இயந்திரத்துக்கும் அதுதான். ஆகவே அந்த விலையேற்றம் உழைப்பையும் உலையையும் ஒரே அடியில் தாக்கியது. அதே மாதத்தில் மின்கட்டணமும் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது.

2023 ஆடியில் அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியபோது குடும்பங்கள் நான்காக வகுக்கப்பட்டன. மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று தொகை நிர்ணயிக்கப்பட்டது. ஓராண்டு கழித்து, 2024 ஆடியில், ஒரு சிலிண்டரின் கொழும்பு விலை 3,690 ரூபா. யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரும்போது அதிலும் கூட. முதலாவது வகுப்புக் குடும்பத்துக்கு அப்போது முழுக் கொடுப்பனவும் ஒரு சிலிண்டருக்குக் காணவில்லை. இரண்டாவது வகுப்புக் குடும்பம் சிலிண்டர் வாங்கியிருந்தால் மிச்சத்தில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கலாம்? இதனை எம் தாய்மார் எந்தப் பொருளியல் நிபுணரையும்விட விரைவாகக் கணக்குப் பார்ப்பர்.

விறகு இருக்கிறதே என்பார் சிலர். வளவும் பனையும் உள்ளவருக்கு இருக்கிறது. வளவில்லாதவருக்கு விறகும் விலைதான். இல்லாவிடின் பொறுக்க வேண்டும். பொறுக்குவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். ஈர மட்டை பிடிக்காதபோது பொலித்தீன் பையைக் கொளுத்தி நெருப்பு மூட்டுகிறார்கள். அந்தப் புகையைக் கைக்குழந்தையும் சுவாசிக்கிறது. வீட்டு அடுப்புப் புகையினால் 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. காஸ் அடுப்பு வைத்திருப்பது பெருமைக்காக என்று எண்ணுவோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குளிர் தேசங்களில் வாழும் எம் உறவுகளும் இதே கேள்விக்குத் தப்பவில்லை. அங்கே நெருப்பு சமையலுக்கு மட்டுமல்ல, வீட்டைச் சூடாக வைத்திருப்பதற்கும் வேண்டும். பிரித்தானியாவில் முதியோருக்கென 1997 இல் தொடங்கிய குளிர்காலக் கொடுப்பனவை, 2024 இல் மிக வறியோருக்கு மட்டும் எனச் சுருக்கினார்கள். எதிர்ப்பு எழவே 2025 இல் மறுபடி விரித்தார்கள். செல்வம் நிறைந்த நாட்டிலும் ஒரு கிழவியின் அறைக்குள் எவ்வளவு சூடு இருக்கலாம் என்று மற்றவர்கள் கூடிப் பேசித் தீர்மானிக்கிறார்கள். நாடு வேறு, கேள்வி ஒன்று.

அர்ச். யாகப்பர் தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலே, உடுக்க உடையும் உண்ண உணவும் அற்ற சகோதரரைப் பார்த்து, சமாதானமாய்ப் போய்க் குளிர்காய்ந்து பசியாறும்படி வாயால் மட்டும் வாழ்த்தி அனுப்புகிறவனைக் கண்டிக்கிறார். அந்த இடத்தைப் பல முறை பிரசங்கத்தில் விளக்கியிருக்கிறேன். ஆனால், குளிர்காய்வதையும் பசியாறுவதையும் அப்போஸ்தலர் ஏன் சேர்த்தே சொன்னார் என்பது அந்தக் கடலைப் பையைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. நெருப்பும் உணவும் அவருக்கு இரண்டல்ல. அவிக்க வழியில்லாதவருக்குக் கடலை கொடுப்பதும் ஒரு வகையில் வாய் வாழ்த்துத்தான்.

இரண்டாவது கேள்வி இதனிலும் கூர்மையானது. உபாகம நூலின் 24 ஆம் அதிகாரத்தில் கடன் கொடுப்பவனுக்கு ஒரு கட்டளை உண்டு. ஈடு வாங்குவதற்காக ஏழையின் வீட்டுக்குள் அவன் நுழையலாகாது; வெளியே நிற்க வேண்டும்; ஏழையே உள்ளிருந்து எடுத்து வந்து கொடுப்பான். ஈடாகப் பெற்றது ஏழையின் போர்வையானால், பொழுது படுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடன் கொடுத்தவனுக்கே, நியாயமான உரிமை உள்ளவனுக்கே, வாசலில் நில் என்கிறது தேவ சட்டம். அப்படியாயின், உதவி கொடுக்கப் போன நாம் குசினி வரைக்கும் போய் அடுப்பை எண்ணுவது எவ்வாறு தகும்?

இங்கே நேர்மையான ஒரு மறுப்பு எழும். "கோயில் பணம் பலருடைய காணிக்கை. தகுதி பாராமல் கொடுத்தால் உண்மையான ஏழைக்கு இல்லாமற் போகாதா? உதவிப் பணம் சாராயத்துக்குப் போகின்ற வீடுகளும் இருக்கின்றனவே?" உண்டு, நானும் கண்டிருக்கிறேன். அஸ்வெசுமவுக்கும் 22 அளவுகோல்கள் வைத்துத்தான் குடும்பங்களைத் தெரிகிறார்கள். அளவில்லாமல் பங்கிட முடியாது. விசாரிப்பது பாவமென நான் சொல்லவரவில்லை.

ஆனால் விசாரணையில் இரு வகை உண்டு. கொடுப்பதற்காகக் கேட்பது ஒன்று. மறுப்பதற்காகக் கேட்பது இன்னொன்று. முதலாவது, "உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்கும். இரண்டாவது, "உங்களிடம் என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்கும். அன்று நான் இரண்டாவதைக்கூடக் கேட்கவில்லை. மற்றவர் வாயால் கேட்டதோடு முடித்துக்கொண்டேன். முதலாவதைக் கேட்டிருந்தால் கடலையின் கதை முன்னரே தெரிந்திருக்கும். சாராயத்துக்குப் போகும் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. அங்கே உதவியின் வழியை மாற்ற வேண்டுமேயன்றி வாசலை அடைக்கலாகாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய 1965 ஆம் ஆண்டுச் சாசனத்தில், இவ்வுலகின் பொருள்கள் எல்லா மனிதருக்குமாகவே படைக்கப்பட்டன என்றும், எம்மிடம் மிஞ்சியதிலிருந்து மட்டும் கொடுப்பது போதாது என்றும் போதிக்கிறது. அப்படியாயின் ஏழைக்குப் போய்ச் சேருவது எமது தயவு அல்ல, அவருடைய பங்கு. தன் பங்கைப் பெற்றவர் அதைக் காஸுக்குச் செலவழிப்பதா கருவாட்டுக்குச் செலவழிப்பதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஒரு தாய்க்குத் தன் வீட்டு வறுமையை நிர்வகிக்கும் புத்தி இல்லையென்று நினைப்பது, அவளைப் பட்டினி போடுவதற்கு அடுத்த அநியாயம்.

இதை உணர எமக்கு வேதநூல்கூட வேண்டியதில்லை, ஞாபகம் போதும். 1990 இன் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெய் ஊற்றி அந்த வெளிச்சத்தில் படித்த தலைமுறை நாங்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது, தென்மராட்சியில் முன்பின் அறியாத ஒருவரின் வளவிலே என் அம்மா மூன்று கல் வைத்து உலை வைத்தார். அந்த வீட்டம்மா வந்து பார்த்தார். "நீங்கள் ஆர், என்ன வைச்சிருக்கிறியள்" என்று கேட்கவில்லை. ஒரு கட்டு மட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அன்று நாங்கள் எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. பொதி கட்டும்போது, வீட்டிலே அவிக்கக்கூடியதா எனக் கேட்டுக் கட்டலாம். கடலைக்கும் கௌபிக்கும் பதிலாக விரைவில் வேகும் பொருளை இடலாம். அல்லது அதன் பெறுமதியைப் பணமாகக் கொடுத்துவிடலாம். கோயில் காணிகளில் விழும் மட்டையும் ஓலையும் பொச்சும் எத்தனையோ இடங்களில் குவித்து எரிக்கப்படுகின்றன. வயலில் மறந்த கதிர்க்கட்டை அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் விட்டுவிடச் சொன்னதும் அதே உபாகமம் 24 ஆம் அதிகாரம்தான். எமக்கு வயல் பனங்காணி, கதிர் பனைமட்டை. அந்தக் காணியின் படலையைத் திறந்துவிட எந்தக் கூட்டத்தின் தீர்மானமும் தேவையில்லை.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தம் சீஷரைச் சந்தித்ததை அர்ச். அருளப்பர் எழுதியிருக்கிறார். இரவு முழுவதும் வலைவீசிக் களைத்து, குளிர்ந்து, கரைக்கு வந்தவர்கள் முதலில் கண்டது மூட்டியிருந்த கரிநெருப்பை, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். அவர்களில் ஒருவர் அவரை மறுதலித்தவர், மற்றவர்களும் ஓடிப்போனவர்கள்தாம். பட்டியல் பார்த்திருந்தால் ஒரு பெயரும் மிஞ்சியிராது. ஆண்டவர் பட்டியல் பார்க்கவில்லை. நெருப்பை மூட்டி வைத்துவிட்டு, வந்து சாப்பிடும்படி அழைத்தார்.

இவ்வருடமும் நத்தார் வரும், பட்டியலும் வரும். பேனையைக் கையில் எடுப்பவர்கள் அந்தக் கரிநெருப்பை ஒரு கணம் நினைத்துக்கொள்வார்களாக.