உறங்கும் குட்டியை எழுப்பாதீர்கள்



"சாமி, குட்டி எந்நேரமும் உறங்கிக்கிட்டே கெடக்கு. சீக்கா இருக்குமோ?" என்று பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு தாய் என்னிடம் கேட்டார். மழைக்காலத்தில் ஈன்ற நாய்க்குட்டிகள் தை பிறக்கும்போது தெருவில் உருளத் தொடங்கிவிடும். பிள்ளைகள் ஆசைப்பட்டு ஒன்றைத் தூக்கி வந்துவிடுவார்கள். நம் ஆழ்வார்குறிச்சியில் இப்போது பல வீட்டுத் திண்ணைகளில் ஒரு புதுக்குட்டி படுத்திருக்கிறது. அதனால் அந்தத் தாய்க்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லாருக்குமே சொல்கிறேன்.

இன்று ஜனவரி 17, வனத்து அந்தோனியார் திருநாள். புளியம்பட்டியில் நாம் வேண்டிக்கொள்ளும் பதுவை அந்தோனியார் வேறு. இவர் அவருக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் முந்தியவர், எகிப்துப் பாலைவனத்துத் தவமுனிவர், வீட்டு விலங்குகளின் பாதுகாவலர். அவர் நாளில் ஒரு நாய்க்குட்டியின் உறக்கத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான்.

குட்டி அவ்வளவு உறங்குவது சீக்கு இல்லை. இரண்டு மாதக் குட்டி நாளொன்றுக்கு 18 முதல் 20 மணி நேரம் உறங்கும். வளர்ந்த நாய்க்கே 12 முதல் 14 மணி நேரம் வேண்டும். நம் வீட்டில் பிறக்கிற பச்சைக்குழந்தைகூட 14 முதல் 17 மணி நேரம் உறங்குகிறதே! ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சிக்கான சுரப்பு அதிகமாய் ஊறுகிறது. விழித்திருந்த கொஞ்ச நேரத்தில் கண்டதும் மோந்ததும் அப்போதுதான் மூளையில் பதிகின்றன. கிட்டே உட்கார்ந்து பாருங்கள். வயிறு ஏறி இறங்கும். சற்றுப் பொறுத்தால் மூடிய இமைக்குள் விழி உருளும், மீசைமயிர் துடிக்கும், முன்னங்கால் மண்ணைப் பறிப்பதுபோல அசையும், பால் குடிக்கிற நினைப்பில் வாய் சப்புக்கொட்டும். வலிப்பு வந்துவிட்டது என்று பயந்து தண்ணீர் தெளிக்காதீர்கள். அது கனவு காண்கிறது.

உறக்கம் கெட்ட குட்டி சோர்ந்து படுக்காது. நிலைகொள்ளாமல் வீடெல்லாம் ஓடும், கிடைத்த கையையும் காலையும் கடிக்கும். நாம் அதைச் சேட்டை என்று நினைத்து அடிக்கிறோம். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையும் ஒரு பழந்துணியும் கொடுத்தால் போதும், கால்மணி நேரத்தில் அடங்கிவிடும். பிள்ளைகளுக்குக் குட்டியை விளையாட்டுப் பொருளாகக் கொடுத்துவிட்டு, அது உறங்கும்போதெல்லாம் கழுத்தைப் பிடித்துத் தூக்கவும் விடுகிறோம். பெற்றோரே, இதில் பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

இறைவாக்கினர் எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். ஈசபேலுக்குப் பயந்து ஓடிவந்தவர், சாகவேண்டும் என்று கேட்டுவிட்டுச் சூரைச்செடியின் அடியில் படுத்து உறங்கிவிட்டார். அந்த நேரத்தில் ஆண்டவர் அவரிடம் கேள்வி கேட்கவில்லை. கோழை என்று கடிந்துகொள்ளவுமில்லை. வானதூதர் வந்து தொட்டு எழுப்பியது சாப்பிடச் சொல்வதற்குத்தான். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. உண்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். அதையும் ஆண்டவர் தடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பியதும் உணவுக்காகத்தான். அதன் பிறகுதான் ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடை. எனக்கு இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் உள்ளம் நிறையும். நொந்துபோன ஒரு மனிதனுக்கு ஆண்டவர் முதலில் கொடுத்த மருந்து உறக்கம், பிறகு சோறு, அதற்கும் பிறகுதான் வேலை.

மனிதருக்கு மட்டுமல்ல. ஏழாம் நாளின் ஓய்வைப் பற்றி விடுதலைப் பயண நூல் 23ஆம் அதிகாரம் பேசும்போது மாட்டையும் கழுதையையும் சேர்த்தே சொல்கிறது. தோபித்து நூலில் இளம் தோபியா ஊர்விட்டு ஊர் போகையில் நாயும் கூடவே போகிறது, திரும்பும்போதும் கூடவே வருகிறது. இறைவார்த்தைக்குள் இடம் பெற்ற உயிர் அது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நம் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நடுச்சாமம் வரை உட்கார்ந்திருக்கிறீர்கள்! ஆயிரம் பீடி கணக்கு முடியவேண்டும், காலையில் கடையில் கொடுக்கவேண்டும். உங்கள் உறக்கம் குறைவது உங்கள் விருப்பத்தால் அல்ல, எனக்குத் தெரியும். வைகறையில் எழுந்து இரவு நெடுநேரம் உழைப்பது வீண் என்று சொல்கிற 127ஆம் திருப்பாடல், உறக்கத்தை ஆண்டவர் தம் அன்பருக்குத் தரும் கொடையாகவே காண்கிறது. வீட்டு ஆண்களே, பிள்ளைகளே, ராத்திரிப் பாத்திரத்தைக் கழுவி அடுக்கிவிட்டு அம்மாவை ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கச் சொல்லுங்கள். குட்டியின் உறக்கத்துக்காகப் பேசிவிட்டுத் தாயின் உறக்கத்தை மறந்தால் என் மறையுரை பாதியில் நின்றதாகிவிடும்.

குட்டியின் இராத்திரிக்கு வருவோம். புதிதாய் வந்த குட்டி முதல் சில இரவுகள் அழும். கூடப் பிறந்தவற்றின் சூட்டில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து உறங்கிய உயிர் அது. கொல்லையில் கட்டிப்போடாதீர்கள். நாம் மலையடிவாரத்தில் இருக்கிறோம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் வேம்பையாபுரத்தில் 2024 மே மாதம் வனத்துறையினர் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தது உங்களுக்குத் தெரியும். வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்கு எளிதான இரை. தைப் பனியும் குட்டிக்கு ஆகாது. வீட்டுக்குள், நீங்கள் படுக்கிற இடத்துக்குக் கிட்டவே ஒரு சாக்கை விரித்து விடுங்கள். இடையில் இரண்டொரு முறை ஒண்ணுக்குப் போக முனகும். வெளியே விட்டு, கூடவே நின்று, திரும்பக் கொண்டுவந்து விடுங்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவேண்டாம். அந்த வயதுக்கு முன் விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே சொல்கின்றன. குட்டி உறங்குவது பயமில்லை. விழித்த பிறகும் உணவைத் தொடவில்லை, வாந்தி எடுக்கிறது, இரத்தமாகக் கழிகிறது என்றால் பார்வோ நோயாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். குட்டிதானே கடித்தது என்று அசட்டையாக இருக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஆடு, மாடு, கோழி, நாய் எல்லாவற்றையும் மந்திரிக்கிறேன். வரிசையில் நிற்கையில் உங்கள் குட்டி கையிலேயே உறங்கிப்போனால் தயவுசெய்து எழுப்பவேண்டாம். தீர்த்தம் தெளிக்காமல், உறங்குகிறபடியே தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்புகிறேன்.