சொன்னவர் பெயர்

2025 பிப்ரவரியில், 'எந்திரன்' கதை விவகாரத்தில் இயக்குநர் ஷங்கரின் ரூ.10.11 கோடி மதிப்புள்ள சொத்துகளை அமலாக்கத் துறை முடக்கியது. 1996-இல் 'இனிய உதயம்' இதழில் தாம் எழுதிய 'ஜுகிபா' கதையே படமாகிவிட்டது என்று ஆரூர் தமிழ்நாடன் கொடுத்த புகாரின் தொடர்ச்சி அது. அவருடைய உரிமையியல் வழக்கை உயர் நீதிமன்றம் 2023-இல் தள்ளுபடி செய்திருந்தது. சொத்து முடக்கத்துக்கும் பிறகு இடைக்காலத் தடை வந்தது. அந்த வழக்கின் நியாயம் நீதிமன்றத்தின் பொறுப்பு. மனத்தை அரிப்பது வேறு. பெயரும் தேதியும் போட்டு அச்சில் வந்த கதைக்கே இத்தனை ஆண்டு இழுபறி என்றால், ஒரு மூடிய அறையில் வாயால் சொல்லப்பட்ட கதைக்கு என்ன கதி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இரவு ஷிப்ட் பார்க்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். புதுவாயலில் நாலு பேரோடு பங்கு போட்ட வாடகை அறை. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான யோசனை அவரிடம் இருக்கிறது: ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளியும் உள்ளூர்த் தொழிலாளியும் ஜோடி சேர்ந்து, ஒருவர் ஊருக்கு ஒருவர் போய், அந்த வீட்டுச் சமையலையும் வேலையையும் கற்றுக்கொண்டு வரும் போட்டி. கவரைப்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, சென்னையில் பஸ் மாறி, ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் வாசலில் காத்துக் கிடக்கிறார். "ஒன்லைன் மட்டும் சொல்லுங்க தம்பி" என்கிறார்கள். ஒன்லைன் பிடித்துவிட்டால் கேள்விகள் நீள்கின்றன. எத்தனை சுற்று, எத்தனை எபிசோடு, யாரைத் தொகுப்பாளராகப் போடலாம், எந்த இடத்தில் பார்ப்பவர் கண் கலங்குவார். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். சொல்லாமல் எப்படி விற்பது? "நல்லா இருக்கு, கூப்பிடுறோம்" என்று அனுப்பிவைக்கிறார்கள். கூப்பிடுவதில்லை. சில மாதம் கழித்து வேறு தலைப்பில், வேறு பெயர்களோடு அதே நிகழ்ச்சியின் ப்ரோமோ ஓடுகிறது.

இது களவு. இதற்கு மென்மையான வேறு பெயர் தேடக் கூடாது.

கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொன்னது. திரைத்துறையும் சின்னத்திரையும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளுகின்றன. அதற்குப் பின் வந்தவற்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தொலைக்காட்சி வழியே மணமக்களைச் சேர்க்கும் 'சுயம்வர்' என்ற நிகழ்ச்சி யோசனையை அனில் குப்தா என்பவர் சோனி நிறுவனத்தாரிடம் விளக்கியிருந்தார். பிறகு அதே போன்ற நிகழ்ச்சியை அந்தத் தொலைக்காட்சி தொடங்கப் போவதை அறிந்து வழக்குத் தொடுத்தார். 2002-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தடை விதித்தது. குழந்தை வடிவில் கண்ணன் ஒரு குடும்பத்துக்குள் வரும் தொடர் யோசனை பற்றி ஜீ தொலைக்காட்சிக்கு எதிராக எழுந்த வழக்கில், 2003-இல் பம்பாய் உயர் நீதிமன்றமும் அதே வழியில் சென்றது. நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்டதைக் கேட்டவர் தம் விருப்பம்போல் எடுத்தாள முடியாது என்பதே இரண்டின் சாரம். சட்டமே இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அறம் அதற்கு முன்பே அங்கே நிற்கிறது.

கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர், பிறர் பொருளை வஞ்சகமாகக் கொள்ள மனத்தால் நினைப்பதையே தீமை என்று வைக்கிறார். இன்னும் கூர்மையாக, அடுத்தவர் அயர்ந்திருக்கும் நேரம் பார்த்து அவர் பொருளைக் கவரக் காத்திருப்பவரிடம் அருளும் அன்பும் இருக்க வழியில்லை என்கிறார். கதை சொல்லும் மனிதர் அயர்ந்துதான் இருப்பார். சொல்லும் உற்சாகத்தில் காவலை மறந்திருப்பார். நடுவு நிலைமை அதிகாரத்தில், பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகருக்கு நல்ல வாணிகம் என்று வகுத்தவரும் அவரே. கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைக்காமலும் விற்ற காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது.

படைத்தவர் பெயரைக் காப்பதில் நம் முன்னோர் காட்டிய கவனம் இன்னும் பெரிது. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்தும் நன்னூல், ஆக்கியோன் பெயரையே முதலில் வைக்கிறது. நூல் எந்த வழியில் வந்தது என்பதையும் கேட்கிறது. வான்மீகியின் வழியிலேயே தாம் செல்வதாகக் கம்பர் அறிவித்தார். அதனால் அவர் புகழ் ஒரு துளியும் குறையவில்லை. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களோ, பெயர் தெரியாத புலவர்க்கும் அவரவர் பாடலில் இருந்தே ஒரு சொற்றொடரை எடுத்துப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார். ஊரும் குலமும் தெரியாத ஒருவரின் பாடலைக்கூட அநாதையாக விட மனம் வராத மரபு இது. அந்த மரபில் வந்தவர்கள், பெயரும் கைபேசி எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன இளைஞரை எப்படி மறக்க முடிகிறது?

தயாரிப்பாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. ஒரே காலத்தில் இருவருக்கு ஒரே எண்ணம் தோன்றலாம். வெளியீட்டு நேரம் பார்த்துப் பொய் வழக்கோடு வருபவர்களும் இருக்கலாம். உண்மைதான். ஆனால் தற்செயல் என்ற வாதம், கதையைக் கேட்டே இராதவருக்குப் பொருந்தும். உட்கார வைத்துக் கேட்டவருக்கு அது பொருந்தாது.

இதே தொலைக்காட்சிகள், நெதர்லாந்தில் பிறந்த 'பிக் பிரதர்' அமைப்பை உரிய உரிமம் பெற்றுத்தான் 2017-இல் தமிழில் 'பிக் பாஸ்' ஆக்கின. 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' பிரிட்டன் நிகழ்ச்சியின் உரிமத்தோடு 2012-இல் வந்தது. வெளிநாட்டார் யோசனைக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு, மீஞ்சூர், பொன்னேரி, புதுவாயல்காரரின் யோசனையை மட்டும் பொதுச்சொத்து என்பது என்ன நியாயம்? வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவரிடம் எடுப்பது குறைந்த பாவம் ஆகிவிடாது. அது மிகுந்த பாவம்.

'கத்தி' படம் தம் கதை என்று மீஞ்சூர் கோபி 2014-இல் முறையிட்டார். இயக்குநர் முருகதாஸ் மறுத்தார். கோபிக்கு அன்று நீதிமன்றத்தில் வெற்றி கிட்டவில்லை. 2017-இல் 'அறம்' படத்தின் மூலம் கோபி நயினாராகத் தம் பெயரைத் தாமே நிறுவிக்கொண்டார். 2018-இல் 'சர்கார்' விவகாரத்தில் நிலைமை சற்று மாறியது. வருண் ராஜேந்திரன் 2007-இலேயே 'செங்கோல்' என்ற கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். சங்கத் தலைவர் பாக்யராஜ் இரண்டு கதைகளுக்கும் ஒற்றுமை உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். தீபாவளி வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு, படத்தில் வருணின் பெயர் இடம்பெற்றது. அதன்பின் பாக்யராஜ் பதவி விலகல் கடிதம் கொடுக்கும் நிலை வந்தது.

பதிவு செய்த ஒரு தாளும், உண்மையைச் சொல்ல ஒரு தலைவரும் அங்கே இருந்தார்கள். சின்னத்திரைக்கு யோசனை கொண்டுபோகும் இளைஞரிடம் பெரும்பாலும் இரண்டும் இல்லை. ஆகவே, கேட்பவர் மேசையில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். வந்தவர் பெயர், தேதி, யோசனையின் சுருக்கம், இரு தரப்புக் கையொப்பம், வந்தவர் கையில் ஒரு நகல். மறுத்தால் மறுத்ததையும் அதில் எழுதட்டும். பிறகு அந்த யோசனை நிகழ்ச்சியானால், தலைப்பு அட்டையில் அவர் பெயரும் வங்கிக் கணக்கில் அவர் பங்கும் வரட்டும். சிப்காட் ஆலை வாசலில் ஒரு லாரி சரக்கு இறங்கினால்கூட ரசீது எழுதித்தான் உள்ளே விடுகிறார்கள்.